கடையில் வாங்கிய உப்பு

அத்தியாயம் 11

போன வாரம் வினோதினி போனை வைப்பதற்கு முன்னால் தங்கையிடம் கேட்டது நகையோ புடவையோ இல்லை. ஒரு கேக்.

"ஊர வுட்டுப் போறதுக்குள்ள அத ஒரு வாட்டி சாப்டுட்டுப் போயிடறேன்டி. உன் கையால."

எந்தக் கேக் என்று கீதாஞ்சலிக்குச் சொல்ல வேண்டியதில்லை. குயிலாப்பாளையத்து பேக்கரி ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், பள்ளிக்கூட யூனிஃபார்மில் அக்காவும் தங்கையும் நின்று வாய் பார்த்த கேக். மேலே சாக்லேட், கீழே சாக்லேட், நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு சீஸ் கேக். இப்போது அதே பேக்கரியில்தான் கீதாஞ்சலி மாவு பிசைகிறாள். அக்காவோ இன்று ராத்திரி தன் கணவன் தேவாவோடும் குழந்தை அருள்மொழியோடும் கத்தாருக்கு பிளேன் ஏறுகிறாள்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அங்கே போய் யாரை வைத்துக்கொண்டு வெட்டுவது என்று, சாயங்காலமே கேக் வெட்டிவிட்டு ஏர்போர்ட் கிளம்புவதாக ஏற்பாடு.

அப்பா காசிலிங்கத்துக்கு இதில் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரியாமலேயே கேக் வெந்து, கேக் போய்ச் சேர்ந்து, பெரிய மகளும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அம்மா செல்லம்மாளின் கணக்கு. கீதாஞ்சலியின் கணக்கு வேறு. அக்கா கிளம்புவதற்குள் அப்பா அவளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். எப்படி என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

இதெல்லாம் காலையில் கரண்ட் போகும் வரைக்கும்.

முதல் கேக் நன்றாக வந்திருந்தது. ஓவனிலிருந்து எடுத்துத் தட்டில் கவிழ்த்தபோது, நனைந்த தார் ரோடு மாதிரி கறுத்து, பஞ்சு மாதிரி அமுங்கி எழுந்தது. இரண்டாவதற்கு மாவு தயாராக இருந்தது. டின்னில் ஊற்றி ஓவன் கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்த சிவப்பு விளக்கு பொட்டென்று அணைந்தது. ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"அம்மா, பீஸ் போயிருச்சா?"

"பீஸ் எங்க போச்சு. லைன் வேல பாக்கறதுக்கு மாசா மாசம் நிறுத்துவான்ல, அது இன்னைக்கு. சாயங்காலந்தான் வரும்."

"இன்னைக்குன்னு ஏம்மா சொல்லல?"

"தெருவுக்கே தெரியும். நீ வூட்ல இருந்தாத்தான."

சாயங்காலம் கரண்ட் வரும்போது அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பாள். சோடா மாவு கலந்த மாவு காத்திருக்காது. அதைவிடப் பெரிய தலைவலி நடுவில் போகிற வெள்ளைதான். கிரீம் சீஸ், சர்க்கரை, அடித்த கிரீம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அது இறுக வேண்டுமென்றால் நடுங்குகிற குளிர் வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ், கரண்ட் இருக்கும்போதே தண்ணீரை மட்டும்தான் மனசு வந்தால் குளிர வைக்கும். வெளியே வைகாசி வெயில்.

கீதாஞ்சலி இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பெரிய குக்கரை இறக்கி, அதன் ரப்பரைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"குக்கர்ல போட்டுடலாம். அடியில ஒரு இஞ்சுக்கு உப்பு கொட்டி, அது மேல டின்ன வச்சு மூடினா ஓவன் மாதிரிதான். அந்த வெள்ளைக்கு மீன் மார்க்கெட்ல ஐஸ் வாங்கி உப்பு கலந்து சுத்தி வச்சிடலாம். ஐஸ விட ஜில்லுன்னு ஆயிடும். ரெண்டுக்கும் உப்புதான வேணும், நம்ம வூட்ல உப்புக்கா பஞ்சம்."

சமையலறை மூலையில் அப்பாவின் உப்பளத்திலிருந்து வந்த உப்பு சாக்கில் நின்றது. அவள் படியோடு குனிந்தாள். செல்லம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத தொடாத."

"ஏம்மா?"

"உங்கப்பா போட்ட சத்தியம் மறந்துட்டியா."

கீதாஞ்சலி மறக்கவில்லை. கையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தேவாவின் அம்மா மேரிசெல்வி, காசிலிங்கத்தின் உப்பளத்தில் வருஷக்கணக்கில் கூலிக்கு உப்பு வாரியவள். கூடை கூடையாகத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டியவள். அவள் மகனை மாதா கோயிலில் வைத்து வினோதினி கட்டிக்கொண்ட அன்று, காசிலிங்கம் பாத்தி வரப்பில் நின்று ஒரு பிடி உப்பை அள்ளினார். அத்தனை ஆட்கள் பார்க்கத்தான் சொன்னார். இந்த அளத்து உப்பு ஒரு கல்லு அந்த வூட்டு வாசப்படி ஏறினா, அதுக்கப்புறம் நான் இந்த வரப்புல கால் வைக்க மாட்டேன்.

உப்பை அள்ளி ஒன்று சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு ஈ.சி.ஆர். ரோடுதான். அதை அவர் இன்றுவரை அந்தப் பக்கம் தாண்டவில்லை.

"கேக்குல ஒட்டினு போவும். ஐஸ் பொட்டியில போவும். வேணாம்டி. கடையில வாங்கிக்க," என்றாள் செல்லம்மாள்.

"நாம? கடையில உப்பு?"

"வாயை மூடிட்டுப் போய் வாங்கியா."

ஸ்கூட்டியில் மீன் மார்க்கெட் போய் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் வாங்கிக்கொண்டு, ஜெயா கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"இன்னா கீதா, இன்னைக்கு லீவா?"

"ஆமாங்க்கா. உப்பு ரெண்டு பாக்கெட்."

தராசில் பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்த ஜெயாவின் கை நின்றது. "எது?"

"உப்புக்கா."

"உப்புன்னா, சோத்துல போடற உப்பா?"

"ஆமா."

"உங்கப்பா அளத்துல மல மாதிரி குமிச்சு வச்சினுகீறாரே, அது இன்னா ஆச்சு? மழ கூட இல்லியே."

"அது கல்லுப்புக்கா. எனக்குத் தூளா வேணும்."

"மிக்சியில ஒரு சுத்து வுட்டா தூளாவுது."

"கரண்டு இல்லியேக்கா."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்த இருசப்பனை அவள் அப்போதுதான் பார்த்தாள். அப்பாவின் அளத்து ஆள். பன் டீயில் ஊறி, உடைந்து, முழுகிப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரபரவென்று வேலை நடந்தது. ஒரு பாக்கெட் முழுதும் குக்கர் அடியில் போயிற்று. மாவை மறுபடி புதிதாய்க் கலந்து டின்னில் ஊற்றி உள்ளே இறக்கினாள். சுவைக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டியிருந்தது, அதையும் கடை உப்பிலேயே போட்டாள். கிரீம் சீஸை அடித்து வட்ட டின்னில் ஊற்றி, ஐஸுக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் இரண்டாவது பாக்கெட்டில் பாதியைத் தூவினாள். டின்னின் வெளிப்பக்கம் வியர்த்தது. பிறகு வெள்ளையாய்ப் பனி பூத்தது.

"புடிச்சுக்குதும்மா," என்றாள் கீதாஞ்சலி.

அப்போது வாசலில் டி.வி.எஸ். வண்டியின் சத்தம் கேட்டது.

செல்லம்மாள் மகளைப் பார்த்தாள். உச்சி வெயிலில் உப்பு வாருகிற நேரம். அந்த நேரத்தில் காசிலிங்கம் அளத்தை விட்டு வந்ததே இல்லை.

முட்டி வரைக்கும் காய்ந்த உப்புத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்க, அவர் நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க அது?"

"எதுப்பா?"

"கடையில வாங்கினு வந்த உப்பு."

பாதி பாக்கெட் மேடை மேல் எல்லாருக்கும் தெரியும்படிதான் இருந்தது.

"இருசப்பன் என்னாண்ட வந்து கேக்கறான். ஏன் மொதலாளி, வூட்ல உப்பு தீந்து போச்சா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒரு படி அனுப்பியிருக்க மாட்டனான்றான். அவன் எனக்கு அனுப்பறானாம். பாத்தியில நின்னதெல்லாம் கூடைய வச்சுட்டு சிரிக்குது." அவர் குக்கரைப் பார்த்தார். "உள்ள இன்னா?"

"கேக்குப்பா."

அவர் கை மூடியின் மேல் போயிற்று.

"தொறக்காதப்பா. இப்ப தொறந்தா அமுங்கிடும்."

கை அங்கேயே நின்றது. "கேக்குக்கு எதுக்கு உப்பு?"

"அடியில கொட்டினா சூடு சீரா ஏறும்."

"ஏன், என் உப்புல சூடு ஏறாதா?"

பேக்கரி ஆர்டர் என்று சொல்லிவிடலாம். கெஸ்ட் ஹவுஸ்காரர் யாரோ கேட்டார் என்று சொல்லலாம். காலையிலிருந்து அம்மா அந்தப் பொய்யை நூறு தடவை அவள் காதில் ஓதியிருந்தாள். கீதாஞ்சலி அப்பாவின் கையையே பார்த்தாள். மூடியின் சூடு அவருக்கு உறைக்கவில்லை. உப்பில் ஊறிக் காய்த்த கை.

"ஏறும்பா," என்றாள். "ஆனா இது போற வூட்டுக்கு உன் உப்பு போவக் கூடாதே."

குக்கருக்குள் கேக் வேகிற வாசனை சமையலறை முழுதும் சூழ்ந்திருந்தது.

"அக்கா இன்னைக்குக் கிளம்புதுப்பா. கொழந்தைய கூட்டினு. மறுபடி எப்ப வருமோ தெரியாது."

காசிலிங்கம் மூடியிலிருந்து கையை எடுத்தார். மேடையிலிருந்த பாக்கெட்டை எடுத்தார். கொல்லைப்பக்கம் போய் மிச்சம் இருந்த உப்பு அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். காலி பாக்கெட்டை மடித்து, பால் கவர்கள் செருகியிருக்கும் இடத்தில் செருகிவிட்டு வெளியே போனார். டி.வி.எஸ். கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாயில நல்லா வந்துச்சே உனக்கு. இப்ப சந்தோஷமா?"

கீதாஞ்சலி குக்கரைத் திறந்து ஒரு ஈர்க்குச்சியைக் கேக்கில் குத்தி எடுத்தாள். குச்சி சுத்தமாக வந்தது. கரண்ட் போனதற்கப்புறம் அது ஒன்றுதான் சரியாக நடந்தது.

ஐஸ் பெட்டியில் நிலைமை மோசம். தூவிய தூள் உப்பு கரைந்து ஐஸ் தண்ணீரோடு அடியில் இறங்கிவிட்டது. மேலே வெறும் ஐஸ், அதுவும் வெயிலுக்கு உருகிக்கொண்டிருந்தது. டின்னை லேசாகத் தட்டினாள். ஓரத்தில் இறுகியிருந்தது, நடுவில் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடித்தது. இதை நடுவில் வைத்தால் மேல் கேக் வழுக்கிக்கொண்டு போய் விழும்.

ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள், மூலைக்குப் போய் சாக்கின் வாயைப் பிரித்தாள்.

"எடு."

"என்னம்மா?"

"எடுத்துப் போடு. அவருக்கு எப்படித் தெரியும். எம் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு. சத்தியமாம் சத்தியம்."

காலையில் கையைப் பிடித்துத் தடுத்த அதே அம்மா. படியில் உப்பை அள்ளி நீட்டினாள். கூழாங்கல் மாதிரி பெரிய பெரிய உப்பு. இரண்டு கை போட்டால் போதும்.

கீதாஞ்சலி படியை வாங்கவில்லை.

"வேணாம்மா."

"ஏன்டி?"

"அப்பாவ எப்படியாச்சும் அக்கா முன்னால கொண்டாந்து நிறுத்தணும்னு நெனச்சேன். அவரு சத்தியத்த அவருக்குத் தெரியாம ஒடச்சிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுகினு வான்னு கூப்புடறது?"

"அவரு எங்க வரப் போறாரு."

"வராட்டிப் போறாரு."

ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். ஜெயாக்கா மறுபடி சிரிப்பாள். சிரிக்கட்டும், இன்னும் நாலு பாக்கெட் வாங்கி வரலாம். வாசல் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

காசிலிங்கம் வண்டியை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தார். வண்டியின் கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கு. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதுதான் பாத்தியிலிருந்து வாரியது.

"நவுரு," என்றார்.

சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஐஸ் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடியில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, ஐஸ் மேல் ஒரு வரிசை உப்பு, அதன் மேல் ஐஸ், மறுபடி உப்பு என்று கையால் நிரவினார். டின்னுக்குள் ஒரு கல்லும் விழாமல் ஒரு தட்டைக் கொண்டு மூடிவைத்தார்.

செல்லம்மாள் படியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "சத்தியம்?"

"வாசப்படி ஏறக் கூடாதுன்னுதான சொன்னேன்." அவர் நிமிரவில்லை. "கேக்கு உள்ள போவட்டும். பொட்டி வெளிய நிக்கும். உப்பு பொட்டியிலதான கீது."

"பொட்டிய வெளிய யாருப்பா பாத்துப்பாங்க?" என்றாள் கீதாஞ்சலி.

"நான்தான். வேற யார நம்பி வுடறது. அவளுங்க பாட்டுக்குத் தூக்கினு உள்ள போயிட்டா?"

கீதாஞ்சலி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

அவர் இன்னும் ஒரு கை உப்பை அள்ளினார். "இந்தக் கேக்க அது கடிக்குமா?"

"எதுப்பா?"

"கொழந்த. மேல ரெண்டு பல்லு வந்துக்குதாமே."

யார் சொன்னது என்று இருவரும் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டாத மனுஷன், எந்த டீக்கடையில் நின்று அந்த இரண்டு பல்லைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாரோ.

டின்னில் இருந்த வெள்ளை, கல் மாதிரி இறுகியது. கீழே ஒரு கறுப்பு, நடுவில் வெள்ளை, மேலே ஒரு கறுப்பு. உருக்கிய சாக்லேட்டைத் தலையில் ஊற்றியபோது ஐஸ் குளிரில் அது பாதி வழியிலேயே நின்று போயிற்று. அருள்மொழி என்று மேலே வெள்ளையில் எழுதினாள். ழி கொஞ்சம் கோணிக்கொண்டது.

"உள்ள உப்பு போட்டியா?" என்றார் காசிலிங்கம்.

"ஒரு சிட்டிகப்பா."

"எந்த உப்பு?"

கீதாஞ்சலி சாக்லேட் ஒட்டிய கரண்டியைக் கழுவப் போனாள்.

"கடை உப்பு," என்று அவரே சொல்லிக்கொண்டார். "எங்க போய் சொல்றது இத."

கேக்கை ஐஸுக்கு நடுவில் இறக்கி, பெட்டியை வண்டியின் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். ஸ்கூட்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கீதாஞ்சலி பின்னாலேயே போனாள். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் அவர் காலை ஊன்றி, வண்டியைத் தூக்காத குறையாகக் கடத்தினார். ஈ.சி.ஆர். ரோட்டில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று போகக் காத்திருந்தார். போன பிறகும் காத்திருந்தார். பின்னால் நின்ற கீதாஞ்சலி ஹாரன் அடிக்கப் போன கையை அடக்கிக்கொண்டாள்.

அவர் தாண்டினார்.

மாதா கோயில் தெருவில் வினோதினி வீட்டு வாசலில் பயணப் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக அடுக்கியிருந்தன. காசிலிங்கம் வண்டியைத் தெருவின் எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கீதாஞ்சலி கேக்கை எடுத்தாள். தட்டின் அடியை அவர் தன் துண்டால் இரண்டு முறை துடைத்தார். ஒரு கல் ஒட்டியிருக்கக் கூடாது. துடைத்துவிட்டு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்குக் காவலாக நின்றார்.

கீதாஞ்சலி கேக்கோடு படியேறினாள். வினோதினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். கேக்கைப் பார்த்தாள். கேக்கைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"எப்படிடி?"

"பொட்டிக்குக் காவல் வந்தாரு," என்றாள் கீதாஞ்சலி.

வினோதினி செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள். அப்பாவின் பின்னால் போய் நின்றாள். குழந்தைதான் கையை நீட்டி அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தது.

காசிலிங்கம் திரும்பினார்.

"எளச்சுப் போயிட்ட," என்றார் மகளிடம். கண் குழந்தையின் வாயில் இருந்தது. பல் தெரிகிறதா என்று பார்த்தார்.

"உள்ள வாப்பா."

"இல்ல. பொட்டி கீது."

"பொட்டி இங்கயே இருக்கட்டும். நீ வா."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முட்டி வரை வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்த கால்கள். பாத்தியிலிருந்து அப்படியே வந்தவர்.

"எப்படிம்மா வர்றது. கால் பூரா உப்பு."

வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த மேரிசெல்வி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பக்கெட்டும் செம்பும் இருந்தன. தெருவைத் தாண்டி வந்து, அவர் காலடியில் பக்கெட்டை வைத்தாள். அளத்தில் வேலை முடிந்ததும் ஆட்கள் கால் கழுவுகிற அதே மாதிரி நல்ல தண்ணீர். அத்தனை வருஷமும் அவரை மொதலாளி என்று கூப்பிட்டவள், இன்று என்ன சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினாள்.

"கழுவிட்டு உள்ள வாங்க, சம்பந்தி."

காசிலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. செம்பை மட்டும் வாங்கினார். வலது காலில் தண்ணீரை ஊற்றினார். வெள்ளை கரைந்து தெரு மண்ணில் ஓடியது. விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். பிறகு செம்பை மறுபடி பக்கெட்டில் முக்கினார்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஏர்போர்ட் போகிற கார் வந்து வீட்டு வாசலில் நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு இறங்கிய தேவா, வேப்பமரத்தடியில் நிற்பது யார் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

காசிலிங்கமும் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். நிறைந்த செம்பு கையிலேயே நின்றது. ஒரு கால் சுத்தமாக இருந்தது. இன்னொரு காலில் உப்பு அப்படியே இருந்தது.